உஷார்! தேடி வரும் ‘ஆப்’ எதையும் தொடாதீர்கள்

உங்கள் வாட்ஸாப் குழுக்களை இப்போதே ஒரு முறை திறந்து பாருங்கள். ‘பி.எம். கிசான்’, ‘ஆர்.டி.ஓ. சலான்’, ‘பேங்க் கேஒய்சி’, ‘கல்யாணப் பத்திரிகை’ என்று ஏதோ ஒரு பெயரில், கடைசியில் ‘ஏபிகே’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு முடிகிற கோப்பு கிடக்கிறதா? அதன்மேல் விரல் வைக்காதீர்கள். அனுப்பியவர் சொந்த மச்சானாக இருந்தாலும் வைக்காதீர்கள். அதற்குள் பத்திரிகையும் கிடையாது, சலானும் கிடையாது. உங்கள் போனுக்கு வருகிற குறுஞ்செய்திகளை எல்லாம், ஓடிபி உட்பட, முகம் தெரியாத ஒருவனுக்கு அனுப்பிவைக்கிற மென்பொருள் அது.

தஞ்சாவூரில் கணினி ஆர்வலர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறோம். நானும் அதில் ஒருவன். இலவச இயங்குதளமான லினக்ஸைப் பழகவும், தமிழ்த் தட்டச்சு சொல்லிக்கொடுக்கவும், பழைய கணினிகளைச் சரிசெய்யவும் தொடங்கிய கூட்டம் இது. இப்போது எங்களிடம் வருகிறவர்கள் கேட்பதே வேறு. “தம்பி, அக்கவுன்ட்ல இருந்த பணம் போயிடுச்சு, இந்தப் போனைக் கொஞ்சம் பாருங்க.” திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு, நீடாமங்கலம், மன்னார்குடி என்று ஊர்தான் மாறுகிறது, நடந்தது மாறுவதில்லை. எந்த ஹேக்கரும் இவர்கள் போனுக்குள் தானாகப் புகுந்துவிடவில்லை. யாரோ அவசரப்படுத்த, இவர்கள் தங்கள் கையாலேயே ஒரு மென்பொருளை நிறுவி, அது கேட்ட அனுமதிகளை எல்லாம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே எங்கள் கூட்டத்தில் வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது ஒரே விதி: தேவையானதை நீங்கள் தேடிப் போய் எடுங்கள், உங்களைத் தேடி வருவதை நிறுவாதீர்கள். போனுக்கும் கணினிக்கும் வீட்டு இணையத்துக்கும் இந்த ஒரு விதி பொருந்தும். எப்படி என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டெல்டாவைக் குறிவைப்பது ஏன்?

2023இல் இந்தியாவில் இணைய மோசடிகளில் மக்கள் இழந்த பணம் ஏறத்தாழ 7,465 கோடி ரூபாய். 2024இல் அது 22,845 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. புகார் செய்யாமல் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டவர்களின் பணம் இதில் சேரவில்லை.

நம் பகுதியில் பணம் எப்போது வரும் என்பது ஊரறிந்த விஷயம். மேட்டூர் அணை திறந்தால் குறுவை. அந்த அறுவடை புரட்டாசி, ஐப்பசியில். சம்பாவும் தாளடியும் தை, மாசியில். நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. பி.எம். கிசான் பணம் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை, அதுவும் கணக்கில்தான். பயிர்க் காப்பீட்டுக்கு ஒரு கெடு, கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் திருப்ப ஒரு கெடு, கிசானுக்கு இ-கேஒய்சி முடிக்க ஒரு கெடு. விவசாயி வீட்டில் எப்போதும் ஏதோ ஒரு கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் ஓடிபி வருவது ஒரே போன் எண்ணுக்கு. அந்தப் போனைப் பல வீடுகளில் பேரப்பிள்ளைகள் கேம் விளையாடவும் வைத்திருக்கிறார்கள்.

கெடு இருக்கும் இடத்தில் பதற்றம் இருக்கும். மோசடிக்காரனுக்கு வேண்டியது அந்தப் பதற்றம்தான். “இன்றைக்குள் ஆப் போடாவிட்டால் தவணை நின்றுவிடும்” என்று ஒரு வரி வந்தால், படித்த மகன் வெளியூரில் இருக்கிற வீட்டில் யாரைக் கேட்பார்கள்?

பங்காளியின் போன் அனுப்பியது

திருவையாற்றுப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஊர்க்காரர்கள் இருக்கிற வாட்ஸாப் குழுவில் கிசான் பெயரில் ஒரு கோப்பு வந்திருக்கிறது. தொட்டிருக்கிறார். “தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவ அனுமதிக்கவா?” என்று போன் கேட்டிருக்கிறது, சரி என்றார். அரசு முத்திரையோடு ஒரு பக்கம் திறந்தது. பெயர், ஆதார் எண், கணக்கு எண் கேட்டது; கொடுத்தார். சரிபார்ப்புக் கட்டணம் ஒரு ரூபாய் என்றது. யுபிஐ பின்னையும் போட்டார். அதன்பின் அந்த ஆப்பின் படமே போனில் தெரியவில்லை. போலி என்று சந்தேகமே வரவில்லையா என்று கேட்டோம்.

“பங்காளி அனுப்பினதுதானே தம்பி. அவன் ஏன் என்னைக் கெடுக்கப் போறான்?”

“பங்காளி அனுப்பலைங்க ஐயா. அவரோட போன் அனுப்பியிருக்கு.”

இந்த ஏபிகே மோசடியின் உயிர்நாடி அதுதான். ஒருவர் போனில் அது நுழைந்ததும் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி வாங்கிக்கொள்கிறது. வாட்ஸாப்பை வேறு போனில் திறப்பதற்கான ஆறு இலக்க எண்ணும் குறுஞ்செய்தியாகத்தானே வருகிறது? அதை எடுத்து, அவருடைய வாட்ஸாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான் திருடன். பிறகு அவர் இருக்கிற எல்லாக் குழுக்களுக்கும், அவர் பெயரிலேயே, அதே கோப்பு போகிறது. ஆகவே ‘தெரிந்தவர் அனுப்பியது’ என்பது இனிமேல் எந்த நம்பிக்கைக்கும் ஆதாரம் ஆகாது. இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை எளியவை. போனில் ‘செட்டிங்ஸ்’ போய், தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவும் அனுமதி வாட்ஸாப்புக்கும் பிரவுசருக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நிறுத்துங்கள். வாட்ஸாப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, ஓர் ஆறு இலக்க எண்ணை வையுங்கள். குறுஞ்செய்தி திருடு போனாலும் வாட்ஸாப்பை எளிதில் எடுத்துக்கொண்டு போக முடியாது. ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தில் உங்களுக்குத் தெரியாத கணினி ஏதும் இருந்தால் வெளியேற்றுங்கள். கிசானுக்கு வேண்டிய ஆப்பும், தமிழக அரசின் ‘உழவன்’ செயலியும் பிளே ஸ்டோரிலேயே இருக்கின்றன. நீங்களாகப் போய், யார் வெளியிட்டது என்று பார்த்து, அங்கிருந்து எடுங்கள். அது முடியாவிட்டால் பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போங்கள்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். வங்கியும் அரசுத் துறையும் அனுப்பும் குறுஞ்செய்தி பத்து இலக்கச் செல்போன் எண்ணிலிருந்து வராது. எழுத்தாலான பெயரிலிருந்து வரும். 2025 முதல் அரசுச் செய்தி என்றால் அந்தப் பெயரின் முடிவில் ‘ஜி’ என்ற எழுத்து சேர்ந்திருக்கும். “இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்” என்று ஒரு செல்போன் எண்ணிலிருந்து வந்தால், அதை மின்வாரியம் அனுப்பவில்லை. இந்திய வங்கிகளின் இணைய முகவரிகள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு, 2025 அக்டோபர் 31 வரை அவகாசம் கொடுத்திருந்தது. வேறு வாலோடு வரும் ‘வங்கி’ இணைப்பைத் திறக்காதீர்கள்.

மழையில் நெட் போனால் இன்னும் உஷார்

ஐப்பசி, கார்த்திகையில் நம் பகுதியில் நெட் போவது வழக்கம்தான். கிளை முறிந்து கேபிள்மேல் விழும், வாய்க்கால் தூர்வார வந்த ஜேசிபி கேபிளை இழுத்துவிடும், எலி கடிக்கும். வீட்டில் இருக்கிறவர் உடனே கூகுளில் தன் பிராட்பேண்ட் நிறுவனத்தின் பெயரையும் ‘கஸ்டமர் கேர்’ என்பதையும் சேர்த்துத் தேடுகிறார். அங்கே மோசடிக்காரர்கள் போட்டுவைத்த எண்களும் கிடக்கின்றன.

மன்னார்குடிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு நடந்தது இது. எண்ணைத் தேடி அவரே அழைத்தார். மறுமுனையில் தமிழிலேயே, மிக மரியாதையாகப் பேசினார்கள். “அம்மா, லைனை இங்கிருந்தே சரி பண்ணிடலாம். ‘எனிடெஸ்க்’னு ஒரு ஆப் மட்டும் போடுங்க. அதில் வர்ற நம்பரைச் சொல்லுங்க.” எண்ணைச் சொல்லி, திரையில் கேட்ட அனுமதியையும் கொடுத்த அடுத்த நொடி, அவருடைய போன் திரையில் தெரிவதெல்லாம் அந்த ஆளுக்கும் தெரிந்தது. பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். கட்டும்போது அவர் அழுத்திய பின் எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனிடெஸ்க், டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க் எல்லாம் நல்ல மென்பொருள்கள்தான். தூரத்திலிருக்கும் கணினியைப் பழுது பார்க்க நாங்களும் பயன்படுத்துகிறோம். அவற்றின் எண்ணை யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. எனிடெஸ்க் வழியாக நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதே வித்தை பலிக்கிறது. வாட்ஸாப் வீடியோ அழைப்பில் ‘ஸ்கிரீன் ஷேர்’ பண்ணச் சொல்வதும் இதே வித்தைதான்.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம் தெரிந்தால் நீங்கள் ஏமாற மாட்டீர்கள். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால், சுவரில் மாட்டிய சின்னப் பெட்டியில் ‘லாஸ்’ என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது முனை கழன்றிருக்கிறது. அறுந்த கண்ணாடி இழையை ஆள் வந்து, இடம் பார்த்து, கருவி வைத்துத்தான் ஒட்ட முடியும். உங்கள் போனில் எந்த ஆப் போட்டாலும் அது ஒட்டாது. ‘ஆப் போட்டால் லைன் வரும்’ என்று யாராவது சொன்னால் அவன் திருடன், போனை வையுங்கள். இணைப்பு கொடுத்த கேபிள்காரரின் எண்ணையும், பில்லில் அச்சிட்ட வாடிக்கையாளர் எண்ணையும் இன்றே ஒரு தாளில் எழுதி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். நெட் இல்லாத நேரத்தில் எண் தேடுகிற வேலையே வேண்டாம்.

கணினியிலும் இதே வலை உண்டு. ஏதோ ஒரு தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை முழுக்கச் சிவப்பாகி, “உங்கள் கணினியில் வைரஸ், மைக்ரோசாஃப்டை அழையுங்கள்” என்று ஓர் எண் வரும். அலாரம் போல் சத்தம் வரும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்தி எதிலும் தொலைபேசி எண் போடுவதில்லை. அந்தத் திரை வெறும் வலைப்பக்கம். பிரவுசரை மூடுங்கள், மூட முடியாவிட்டால் கணினியையே அணைத்துவிடுங்கள்.

‘கிராக்’ போட்ட கடையில் நடந்தது

கும்பகோணத்தில் பத்திரிகை, பிளக்ஸ் வடிவமைக்கிற சிறிய கடை ஒன்று. முகூர்த்த மாதம், கைநிறைய வேலை. காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு வடிவமைப்பு மென்பொருளின் ‘கிராக்’ பதிப்பை இணையத்திலிருந்து இறக்கியிருக்கிறார் அங்கே வேலை பார்க்கிற பையன். கூடவே வந்த குறிப்பில் முதல் வரி: ‘நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்தவும்.’ நிறுத்தினார். மறுநாள் காலை, பல ஆண்டு சேர்த்த வடிவமைப்புகள், வாடிக்கையாளர் படங்கள், கணக்கு எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி, 490 டாலர்.

‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவியூ’ என்று அழைக்கப்படுகிற பிணைப்பண வைரஸின் வழக்கமான கடிதம் அது. பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு வீட்டுக் கணினிகளையும் சிறு கடைகளையும் தின்றே வளர்ந்தது இந்த வைரஸ். பரவிய முக்கிய வழி கிராக் மென்பொருள்களும், விண்டோஸைக் காசில்லாமல் ‘ஆக்டிவேட்’ பண்ணும் கருவிகளும்தான். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிற எந்த மென்பொருளும் தன் எண்ணத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் என்ன எச்சரிக்கை வேண்டும்?

பணம் கொடுத்தாலும் கோப்பு திரும்பும் என்று உறுதி கிடையாது, கொடுக்காதீர்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் கூட்டாளிகளும் 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகைகளுக்கு இலவச மீட்புக் கருவிகள் உண்டு. முதலில் அங்கே பாருங்கள். ஆனால் உண்மையான காப்பு ஒன்றுதான்: வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் தனி ஹார்ட் டிஸ்கில் படியெடுத்து, அந்த டிஸ்கைக் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வைப்பது. சொருகியபடியே கிடக்கும் டிஸ்கையும் வைரஸ் பூட்டிவிடும்.

கிராக்கே தேவைப்படாத வழி ஒன்று நம் எதிரிலேயே இருக்கிறது. கடிதம், கணக்குக்கு லிப்ரே ஆபீஸ்; படத்துக்கு ஜிம்ப்; பத்திரிகை வடிவமைப்புக்கு இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ். எல்லாம் சட்டப்படி இலவசம். தமிழ் எழுத்துருக்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலிருந்து காசில்லாமல் எடுக்கலாம். இவற்றை இறக்கும்போதும் கவனம் வேண்டும். தேடல் முடிவில் மேலே ‘விளம்பரம்’ என்று வருவதைச் சொடுக்காதீர்கள். அந்த மென்பொருளின் சொந்தத் தளத்துக்கே போங்கள். பழகுவதற்குச் சில வாரம் சிரமமாக இருக்கும். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் பல ஆண்டாகத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கின்றன. ‘கணியம்’ தளத்தில் தமிழில் பாடங்கள் கிடைக்கின்றன.

பரண்மேல் இருக்கும் லேப்டாப்

2011இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி நம் கிராமங்களில் எத்தனையோ வீடுகளில் இன்னும் ஓடுகிறது. அக்கா வாங்கியது, தம்பி படித்தது, இப்போது அப்பா கடைக் கணக்குப் பார்க்கிறார். நல்ல விஷயம்தான். ஆனால் அதில் என்ன விண்டோஸ் ஓடுகிறது என்று பாருங்கள். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14இல் நின்றுவிட்டன. 8.1க்கு 2023 ஜனவரி 10. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. விண்டோஸ் 10க்கு மட்டும், ‘செட்டிங்ஸ்’ வழியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும்.

திருத்தம் போடாததால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே 12ஐ நினைத்துப் பாருங்கள். ‘வான்னாக்ரை’ வைரஸ் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. பக்கத்து ஆந்திராவில் காவல் நிலையக் கணினிகளும் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கணினிகள் சிலவும் அதில் மாட்டின. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டுவிட்டது. போட்டவர்கள் தப்பினார்கள். இந்த வைரஸ் யாரும் எதையும் தொடாமலே கணினிக்குக் கணினி தாவியது என்பதையும் மறக்க வேண்டாம். நெட்டில் இணைந்திருந்தாலே போதும். 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவில், இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் வேவு மென்பொருள் இருந்ததை அணுமின் கழகமே அக்டோபர் 30 அன்று உறுதிசெய்தது. அணு உலையை இயக்கும் கணினிகள் தனியாக, இணையத்தோடு தொடர்பில்லாமல் இருந்ததால் அவற்றை அது தொடவில்லை. அவ்வளவு காவல் உள்ள இடத்திலேயே வேவு மென்பொருள் நுழைய, நெட்டில் இணைந்த ஒரு கணினி போதுமானதாக இருந்தது.

அப்டேட்டும் தேடி வருவதுதானே என்று கேட்கலாம். வேறுபாடு இதுதான்: உண்மையான அப்டேட், கணினியின் ‘செட்டிங்ஸ்’ உள்ளிருந்து வரும். பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து “உங்கள் குரோம் பழையது, இங்கே அழுத்துங்கள்” என்றால் அது பொய். புது விண்டோஸைத் தாங்காத பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுங்கள். அந்த விலையில்லா மடிக்கணினிகளே விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்துதான் வந்தன. அதுவும் முடியாவிட்டால், அந்த லேப்டாப்பில் வங்கி வேலை மட்டும் செய்யாதீர்கள்.

வைஃபை பெட்டியின் பூட்டு

இணைப்பு கொடுக்க வந்தவர் பெட்டியை மாட்டிவிட்டு, வைஃபை பாஸ்வேர்டாக உங்கள் செல்போன் எண்ணையே வைத்துவிட்டுப் போயிருப்பார். பெட்டிக்குள் நுழையும் பெயரும் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’. தெருவில் பலர் வீட்டில் இதுதான் நிலை. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் ஏராளமானவை வைரஸால் முடங்கின. மாற்றப்படாத ‘அட்மின்’ கடவுச்சொல் அதற்கு வழிவிட்டது. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று அப்போது வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். மாற்றியவர்கள் எத்தனை பேர்?

‘நம்ம நெட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்த்தால் பார்க்கட்டுமே’ என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்பு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று போனது. அது நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டில்லாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. காவல் துறை முதலில் வந்து நின்றது அந்த வீட்டு வாசலில். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

வைஃபை பாஸ்வேர்டு நீளமாக, உங்கள் எண்ணோ பெயரோ இல்லாததாக இருக்கட்டும். பெட்டிக்குள் நுழையும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்; தெரியாவிட்டால் கேபிள்காரரை வைத்துக்கொண்டே மாற்றுங்கள். பாஸ்வேர்டு அடிக்காமலே சாதனங்களை இணைக்கும் ‘டபிள்யூபிஎஸ்’ என்ற வசதியை நிறுத்துங்கள். வீட்டிலும் களத்திலும் மாட்டிய சிசிடிவி கேமராவுக்கும் இதே பாடம். கடையில் வந்தபடியே விட்டால் உங்கள் முற்றத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பணம் போனால்: முதல் ஒரு மணி நேரம்

கொள்ளிடக் கரையில் உடைப்பு எடுத்தால் முதல் மணி நேரத்தில் விழுகிற மணல் மூட்டைக்குத்தான் மதிப்பு. திருடு போன பணமும் அப்படி. முதல் கணக்கிலிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று நிமிடங்களில் தாவி, ஏதோ ஓர் ஊர் ஏடிஎம்மில் நோட்டாக வெளியே போய்விடும். அதற்கு முன்னால் முடக்க வேண்டும்.

முதலில் போனில் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள். சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போடுங்கள். அதன்பின் வருகிற ஓடிபி திருடனுக்குப் போகாது. அந்தப் போனிலிருந்தே 1930 என்ற எண்ணை அழையுங்கள். நாடு முழுவதற்குமான இணைய நிதி மோசடி உதவி எண் அது. எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிமாற்றத்தின் யுடிஆர் எண் என்ன என்று கேட்பார்கள். பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உடனே வங்கியையும் அழைத்துக் கணக்கையும் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள். பிறகு ‘சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்’ தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, நேரிலும் போகலாம்.

வங்கியில் சொன்ன நேரத்தைக் குறித்து வைத்து, புகார் எண்ணையும் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6இல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு போகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கி பொறுப்பு. வங்கியின் தவறும் உங்கள் தவறும் இல்லாமல் வேறு எங்கோ நடந்த ஓட்டையால் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமே இல்லை. தயங்குகிற ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் பணம்தான்.

புகார் கொடுத்த பிறகு, பாதிக்கப்பட்ட போனிலிருந்து முக்கியமான படங்களை மட்டும் படியெடுத்துக்கொண்டு, ‘ஃபாக்டரி ரீசெட்’ செய்யுங்கள். ஆப்பை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். போனையும் கணினியையும் சோதிக்க இலவசக் கருவிகள், மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ தளத்தில் கிடைக்கின்றன. நீங்கள் இருக்கும் எல்லாக் குழுக்களிலும், வேறு ஒருவர் போனிலிருந்தாவது, “என் பெயரில் வந்த கோப்பைத் தொடாதீர்கள்” என்று சொல்லிவிடுங்கள். வெட்கத்தால் நீங்கள் சொல்லாமல் விட்டால் அடுத்து இழப்பது உங்கள் தங்கையாக இருக்கலாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. “உன் பேங்க் அக்கவுன்ட்டை ஒரு மாதம் கொடு, கமிஷன் தருகிறேன்” என்று கல்லூரி வாசலிலோ டெலிகிராமிலோ கேட்டால் கொடுக்காதீர்கள். திருடிய பணம் தாவுகிற கணக்கு அதுதான். கமிஷன் சில ஆயிரம். வழக்கு உங்கள் பெயரில்.

இதைப் படித்து முடித்ததும் மூன்று வேலை செய்யுங்கள். வீட்டில் எல்லார் போனிலும் தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவும் அனுமதியை நிறுத்துங்கள். 1930 என்ற எண்ணைப் பெரியவர்கள் போனில் ‘போலீஸ்’ என்று சேமித்துக் கொடுங்கள். ‘எந்த ஆப்பும் என்னைக் கேட்காமல் போடாதீங்க’ என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லுங்கள். அவர்கள் கேட்டு அழைக்கும்போது, வேலை இருந்தாலும், எரிச்சல்படாமல் போனை எடுங்கள்.